ஊசல் மாளிகை: படித்தவர்கள் கேட்கும் கேள்விகள்

ஊசல் மாளிகை நான் பிள்ளைகளுக்காக எழுதிய துப்பறியும் கதை. ஒரு எச்சரிக்கை. கதையை இன்னும் படிக்காதவர்கள் முதல் நான்கு கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு திருடன் யார் என்பது உட்பட எல்லாவற்றையும் போட்டு உடைத்திருக்கிறேன்.

கதை என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றங்கரையில், எந்த வரைபடத்திலும் இல்லாத ஓர் ஊர். அங்கே ஒரு பழைய ஜமீன் பங்களா இப்போது அறிவியல் அருங்காட்சியகமாக இருக்கிறது. நடுவில் ஆறு வாசல் கொண்ட வட்டக் கூடம், கூடத்தின் உச்சியிலிருந்து தொங்கும் ஒரு பெரிய ஊசல். ஊர்க்காரர்கள் அதை ஊசல் மாளிகை என்கிறார்கள். இரவில் அதன் அறைகள் இடம் மாறுகின்றன. நேற்று நூலகத்துக்குப் போன வாசல் இன்று கண்ணாடி அறைக்குப் போகிறது. இது ஊருக்கே தெரியும், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அங்கே இருக்கும், சாவி கொடுத்தால் தானாக எழுதும் பொம்மையின் வயிற்றிலிருந்து பித்தளைத் தட்டுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகத் தொடங்குகின்றன. காவல்கார மரைக்காயர் தாத்தா மேல் பழி விழுகிறது. கோடை விடுமுறைக்கு வந்த கயலும் (11 வயது) அவளுடைய அத்தை மகன் முத்துவும் (9 வயது) உண்மையைக் கண்டுபிடிக்கிறார்கள். 14 அத்தியாயங்கள்.

எந்த வயதுக்கு? பயமாக இருக்குமா?

8 வயதுக்கு மேல் தானாகப் படிக்கலாம். அதற்குக் கீழே என்றால் யாராவது படித்துக் காட்ட வேண்டும். பேய் இல்லை, ரத்தம் இல்லை. ஏழாவது அத்தியாயத்தில் சுவரில் ஒரு நிழல் மட்டும் நிற்கிறது, ஆள் இல்லை. அதைச் சாயங்காலத்துக்கு மேல் படிக்க வேண்டாம் என்று ஒரு அம்மா சொல்லியனுப்பியிருந்தார். அவருடைய பிள்ளை அந்த அத்தியாயத்தையே நான்கு முறை படித்தானாம்.

இந்த மாளிகை உண்மையிலேயே இருக்கிறதா?

இல்லை. கட்டடம் முழுக்கக் கற்பனை. ஆனால் அதற்குள் இருக்கிற பொருள்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் உலகத்தில் எங்கோ ஓர் அண்ணனோ தம்பியோ உண்டு. பிலடெல்பியாவில் ஒன்று, ஆக்ஸ்போர்டில் ஒன்று, நியூசிலாந்தில் ஒன்று. ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து வைத்தது மட்டும்தான் என் வேலை.

கூடத்தின் நடுவே நிற்கும் எழுத்து வெட்டிய கல்தூணுக்கும் மூலம் இருக்கிறது, அது சென்னையிலேயே உள்ளது. 1792இல் கட்டிய மதராஸ் வானாய்வகத்தின் கருங்கல் தூண், நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. தொலைநோக்கியைத் தாங்குவதற்காக நட்டது. ஆயிரம் ஆண்டு கழித்து வருபவர்களுக்கும் சேதி தெரியட்டும் என்று அதில் தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் வெட்டிவைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்குக் கடிதம் எழுதிய தூணைப் பார்த்த பிறகு கதை எழுதாமல் எப்படி இருப்பது!

அந்தக் காலத்து ஜமீன்தாருக்கு இத்தனை கருவிகள் எங்கிருந்து வரும்? கொஞ்சம் ஓவராக இல்லையா?

இல்லை. தஞ்சாவூரைப் பாருங்கள். இரண்டாம் சரபோஜி (1798 முதல் 1832 வரை அரசர்) அச்சகம் வைத்திருந்தார், அறிவியல் கருவிகளை வரவழைத்தார், பல மொழி நூல்களைச் சரசுவதி மகாலில் குவித்தார், கண் சிகிச்சை பார்த்த நோயாளிகளின் விவரங்களைப் படத்தோடு எழுதிவைக்கச் செய்தார். அவருக்குக் கப்பலில் பெட்டி வந்தது என்றால், பக்கத்து ஊர் ஜமீன்தார் ஒருவருக்கு அதைப் பார்த்து ஆசை வந்திருக்காதா? என் ஜமீன்தார் அப்படிப் பொறாமையில் பிறந்தவர்.

ஊசலை வைத்துக் கயல் எப்படிக் கண்டுபிடித்தாள்? மூன்று முறை படித்தும் பிடிபடவில்லை.

இதுதான் அதிகம் வருகிற கேள்வி. மெதுவாகப் போவோம்.

நீளமான கம்பியில் கனமான குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினால், அது ஆடும் திசையை அதுவாக மாற்றிக்கொள்ளாது. ஆனால் கீழே இருக்கும் தரை பூமியோடு சேர்ந்து திரும்புகிறது. நாமும் தரையோடு திரும்புவதால், ஊசல்தான் திரும்புவது போல நமக்குத் தெரியும். பூக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் 1851இல் பாரிஸின் பாந்தியோன் மண்டபத்தில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு இதை ஊருக்கே காட்டினார். பூமி சுழல்கிறது என்பதை வானத்தைப் பார்க்காமல், ஒரு கூடத்துக்குள் நின்றபடியே பார்க்கலாம் என்பதுதான் அதன் அழகு.

எவ்வளவு வேகத்தில் திரும்பும் என்பது ஊரைப் பொறுத்தது. துருவத்தில் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள். பாரிஸில் சுமார் 32 மணி நேரம். நிலநடுக்கோட்டில் திரும்பவே திரும்பாது. நம் பக்கம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் என்பதால் மிக மெதுவாகத்தான் திரும்பும். கும்பகோணம் 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. அங்கே மணிக்கு 3 டிகிரிக்கும் கொஞ்சம் குறைவு. முழுச் சுற்றுக்கு ஐந்து நாளுக்கு மேல் ஆகும். மாலை 6 மணிக்குக் குறித்துவைத்தால் காலை 6 மணிக்கு 34 டிகிரி திரும்பியிருக்க வேண்டும்.

கயல் சாயங்காலம் சாக்பீஸால் தரையில் ஒரு கோடு போடுகிறாள். காலையில் வந்து முத்துவின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்த கோணமானியால் அளக்கிறாள். 94 டிகிரி. கூடுதலாக 60.

ஊசல் பொய் சொல்லாது, பூமியும் ஒரே ராத்திரியில் வேகம் கூட்டாது. மிச்சம் இருப்பது தரை மட்டும். கூடத்துக்கு ஆறு வாசல், 360ஐ ஆறால் வகுத்தால் 60. அறைகள் இடம் மாறவில்லை. கூடத்தின் தரையும் அதோடு சேர்ந்த உள்சுவரும் யாரோ திருப்பியதால் ஒரு வாசல் தள்ளிப் போயிருக்கின்றன.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. பூட்டுச் சாவியை நூலில் கட்டி, நூலைக் கையில் பிடித்து ஆட்டிவிட்டு, நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்புங்கள். நீங்கள் திரும்புவீர்கள். சாவி ஜன்னலைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தால் ஜன்னலைப் பார்த்தே ஆடிக்கொண்டிருக்கும்.

தரை 60 டிகிரிதான் திரும்பியது என்று எப்படிச் சொல்ல முடியும்? 240 டிகிரியாகவும் இருக்கலாமே?

இதைக் கேட்டது ஆறாம் வகுப்புப் பெண். அந்தக் கேள்வி வந்த நாள் ராத்திரி எனக்குத் தூக்கம் போயிற்று.

அவள் சொன்னது சரி. ஊசல் முன்னும் பின்னும் ஒரே கோட்டில் ஆடுகிறது. கோட்டுக்குத் தலை எது, வால் எது என்று கிடையாது. தரை 60 டிகிரி திரும்பினாலும், அதற்கு மேல் இன்னொரு 180 சேர்ந்து 240 திரும்பினாலும், காலையில் வந்து பார்ப்பவருக்குக் கோடு ஒரே மாதிரிதான் தெரியும். அதாவது ஒரு வாசல் தள்ளியதா, நான்கு வாசல் தள்ளியதா என்று ஊசலை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

முதலில் எழுதியதில் கயல் நேராகப் போய் ஒரே கதவைத் திறந்து சுரங்கப் படியைக் கண்டுபிடித்துவிடுவாள். இப்போதைய வடிவத்தில் இரண்டு கதவு திறக்கிறாள். முதல் கதவுக்குப் பின்னால் வௌவால் மட்டும்தான். அந்த வௌவால் அத்தியாயம் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனதற்கான பெருமை எனக்கு இல்லை, அந்தப் பெண்ணுக்குத்தான்.

அவளே தீர்வும் எழுதியனுப்பியிருந்தாள். கோடு போடுவதற்குப் பதிலாக, வட்டத்தைச் சுற்றி சாக்பீஸ் துண்டுகளை நிற்கவைத்தால் போதும். குண்டு போகிற வழியில் இருப்பதெல்லாம் விழும். 60 என்றால் ஒரு பகுதி மட்டும் விழுந்திருக்கும், 240 என்றால் ஒன்றுகூட நிற்காது. பல அருங்காட்சியகங்களில் ஊசலைச் சுற்றிச் சின்னக் கட்டைகளை நிறுத்திவைத்திருப்பார்கள், அவை ஒவ்வொன்றாக விழுவதைப் பார்க்கவே கூட்டம் நிற்கும். அவள் அதைப் பார்த்திருக்கிறாளா, தானே யோசித்தாளா என்று கேட்க விட்டுப்போயிற்று.

ஊசல் ராத்திரி முழுக்க ஆடுமா? காற்றுத் தடையில் நின்றுவிடாதா?

நிற்கும். இது என் இரண்டாவது தப்பு. கனமான குண்டும் நீளமான கம்பியும் இருந்தால் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும், 12 மணி நேரம் எல்லாம் கஷ்டம். நிஜ அருங்காட்சியகங்களில் கம்பி தொங்கும் இடத்தில் மின்காந்தம் வைத்து, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் துளித் துளியாக உந்துதல் கொடுப்பார்கள். இப்போது கதையிலும் அப்படியே, ஊருக்குக் கரண்ட் வந்த பிறகு பொருத்தியதாக ஒரு வரி சேர்த்துவிட்டேன். பத்தாவது அத்தியாயத்தில் கரண்ட் போகிற இடம் இருக்கிறதே, அதையும் இதற்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

அவ்வளவு பெரிய தரையை ஒற்றை ஆள் எப்படித் திருப்புவார்?

அடியில் இரும்புக் குண்டுகள், பிறகு வரிசையாகப் பல்சக்கரங்கள். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் தரை ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு நகரும். 60 டிகிரிக்கு 1,200 சுற்று. நிமிஷத்துக்கு 30 சுற்று என்றாலும் 40 நிமிஷம். பல்சக்கரம் பலத்தைச் சும்மா கொடுக்காது, அந்த அளவுக்கு நேரத்தைப் பிடுங்கிக்கொள்ளும்.

அதனால்தான் தரையைத் திருப்பிய பெரியவர், ஜமீன்தாரின் பேரன், பந்தியில் வாழை இலை முன்னால் உட்கார்ந்து சாம்பார் சாதத்தை ஸ்பூனால் சாப்பிடுகிறார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். பலர் அந்த வரியை வெறும் ஜமீன் பகட்டு என்று நினைத்துத் தாண்டிப்போயிருக்கிறார்கள். முத்து தாண்டவில்லை. சாப்பாட்டு விஷயம் எதுவும் அவன் கண்ணுக்குத் தப்பாது.

எழுதும் பொம்மை நிஜமா?

நிஜம். கதை முழுக்க அதைச் சுற்றித்தான் கட்டியது.

1928இல் பிலடெல்பியாவின் பிராங்க்ளின் நிறுவனத்துக்கு ஒரு குடும்பம் பழுதான பித்தளை இயந்திரம் ஒன்றைக் கொடுத்தது. தீயில் மாட்டியது போல இருந்தது. ஒரு சிறுவன் மேஜை முன் உட்கார்ந்து எழுதுவது போன்ற பொம்மை. மெல்ஸல் என்பவர் செய்தது என்பதுதான் குடும்பத்தின் நம்பிக்கை. அங்கிருந்த ஓர் இயந்திரக்காரர் அதைப் பொறுமையாகச் சரிசெய்து சாவி கொடுத்தார். பொம்மை நான்கு படமும் மூன்று கவிதையும் எழுதியது. அதில் ஒரு பிரெஞ்சுக் கவிதையின் ஓரத்தில், "மயார்தேயின் பொம்மை எழுதியது" என்று தன்னைச் செய்தவரின் பெயரையும் எழுதியது. ஆன்றி மயார்தே, சுவிஸ் கடிகாரத் தொழிலாளி. அவர் அதைச் செய்தது 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில். நூறு வருஷத்துக்கு மேல் வயிற்றுக்குள்ளே வைத்திருந்த பெயரைச் சாவி கொடுத்ததும் வெளியே விட்டிருக்கிறது.

அந்த நினைவு இருப்பது பித்தளைத் தட்டுகளில். தட்டின் விளிம்பு மேடு பள்ளமாக வெட்டப்பட்டிருக்கும். தட்டு சுற்றும்போது அந்த மேடு பள்ளத்தின் மேல் ஒரு விரல் ஏறி இறங்கும், அது பொம்மையின் கையை இழுக்கும், எழுத்து வரும்.

என் கதையில் பொம்மையைச் செய்தவர் ஜமீன்தார் என்று பலகை சொல்கிறது. உண்மையில் செய்தவர் நாச்சியார்கோயில் பக்கத்துப் பித்தளைக் கம்மியர். காவிரி வண்டலில் அச்சு எடுத்துக் குத்துவிளக்கு வார்க்கும் ஊர் அது. கடைசித் தட்டில் அவர் தன் பெயரை வெட்டிவைத்துவிட்டார். ஜமீன்தாரின் பேரன், பிள்ளைகளுக்கு நெல்லிக்காய் கொடுத்துச் சிரிக்கிற அந்தப் பெரியவர், எந்தத் தட்டு என்று தெரியாமல் ஒவ்வொன்றாக எடுக்கிறார். பணத்துக்காக இல்லை, பலகையில் இருக்கிற பெயருக்காக.

கணக்குப்பிள்ளை பொம்மைக்குள் ஆள் இருப்பதைக் கயல் எப்படிக் கண்டுபிடித்தாள்?

ஒரே கணக்கை இரண்டு முறை கேட்டாள். 867ஐ 493ஆல் பெருக்கச் சொன்னபோது பதில் வர ஒரு நிமிஷம் ஆனது. 4,27,431. மறுபடி அதையே கேட்டபோது பட்டென்று வந்தது. சக்கரங்களால் ஆன இயந்திரத்துக்கு இரண்டு தடவையும் ஒரே நேரம்தான் ஆகும். முன்னே போட்ட கணக்கு ஞாபகம் இருப்பது மனுஷனுக்கு மட்டும்.

இதுவும் வரலாற்றிலிருந்து வந்ததுதான். 1770இல் கெம்பலன் என்பவர் வியன்னா அரண்மனையில் சதுரங்கம் ஆடும் துருக்கிப் பொம்மை ஒன்றைக் காட்டினார். ஐரோப்பா முழுக்கச் சுற்றி வந்தது, 1809இல் நெப்போலியனையும் தோற்கடித்தது. பெட்டியைத் திறந்து காட்டினால் உள்ளே சக்கரங்கள்தான் தெரியும், ஏனென்றால் உள்ளே இருந்த ஆட்டக்காரர் நகரும் இருக்கையில் அங்குமிங்கும் ஒதுங்கிக்கொள்வார். இருட்டில் அவருக்கு மெழுகுவத்தி வேண்டும், அந்தப் புகை தலைப்பாகை வழியாக வெளியேறும், வாசனை தெரியாமல் இருக்கப் பக்கத்தில் வேறு மெழுகுவத்திகளை ஏற்றிவைத்தார்களாம். முத்து தலைப்பாகையை மோந்து பார்க்கிற இடம் இங்கிருந்து வந்தது. 1854இல் அந்தப் பொம்மை பிலடெல்பியாவில் தீயில் எரிந்துபோனது. எழுதும் சிறுவன் இருக்கும் அதே ஊர்.

ஆளைக் கடித்து உறுமும் புலி?

திப்பு சுல்தானின் புலி. மரத்தால் செய்தது, வயிற்றுக்குள் குழலிசைக் கருவி. கைப்பிடியைச் சுற்றினால் புலி உறுமும், கீழே கிடப்பவன் அலறுவான். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது கொண்டுபோனார்கள், இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கதையில் அதற்கு வேலை எதுவும் இல்லை, சும்மா உறுமுகிறது. எனக்குப் பிடித்ததால் வைத்தேன்.

யாரும் அடிக்காமல் அடித்துக்கொண்டே இருக்கும் மணி, தமிழ் எழுத்துள்ள மணி. இரண்டும் ஒன்றா?

இல்லை, பல பேர் குழம்பிவிடுகிறார்கள். தப்பு என் பேரில்தான், ஒன்றை வேறு அறையில் வைத்திருக்கலாம்.

தானாக அடிக்கும் மணிக்கு மூலம் ஆக்ஸ்போர்டில், கிளாரண்டன் ஆய்வகத்தில் இருக்கிறது. 1840இல் வைத்தது. இரண்டு சின்ன மணிகளுக்கு நடுவே ஒரு குட்டி உலோகக் குண்டு, உலர் மின்கலத்தின் தயவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி அடித்துக்கொண்டே இருக்கிறது. மின்கலத்துக்குள் சரியாக என்ன வைத்திருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. வெளியே கந்தகம் பூசி மூடியிருக்கிறது. திறந்து பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் மணி நின்றுவிடும். அதனால் திறக்காமலே காத்திருக்கிறார்கள். எனக்கு இதைவிடப் பெரிய மர்மக் கதை தெரியாது.

தமிழ் மணி நியூசிலாந்தில், வெலிங்டன் நகரத்து தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெண்கலம், சின்னதுதான். 1836 வாக்கில் கொலென்சோ என்ற மிஷனரி மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்து, ஓர் இரும்புப் பாத்திரத்தைக் கொடுத்து மாற்றி வாங்கிக்கொண்டதாகச் சொல்வார்கள். விளிம்பில் பழைய தமிழ் எழுத்து. மொகைதீன் பக்ஷ் உடைய கப்பலின் மணி என்று பொருள். தமிழ் முஸ்லிம் கப்பல்காரர் ஒருவருடைய மணி அவ்வளவு தொலைவு எப்படிப் போனது என்பதற்கு ஊகங்கள் உண்டு, முடிந்த பதில் கிடையாது. கதையில் அந்த மணி மரைக்காயர் தாத்தாவின் முப்பாட்டனார் கப்பலில் இருந்தது. தாத்தாவைத் திருடன் என்று ஊர் பேசும்போது, அவர் ஒன்றும் சொல்லாமல் அந்த மணியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். எழுதும்போது எனக்கே தொண்டை அடைத்த இடம் அது.

ஓலையில் "பாலை எண்ணு" என்று இருந்ததே, அது எப்படி "பரலை எண்ணு" ஆனது?

பழைய ஓலைகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், ஓலை கிழிந்துவிடும் என்று. வெலிங்டன் மணியிலும் கப்பல் என்ற சொல் 'கபல' என்றுதான் நிற்கிறது. அதோடு துணைக்காலும் ர என்ற எழுத்தும் ஓலையில் ஒரே உருவம். அதனால் பாலை, பரலை இரண்டையும் எழுதினால் வித்தியாசமே தெரியாது. படிப்பவர்தான் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

பெரியவர்கள் எல்லாரும் பாலை எண்ணுவது எப்படி, பாலைவனமா, பாலை மரமா என்று அலைகிறார்கள். கயலுக்குப் பள்ளியில் படித்த சிலம்பு ஞாபகம் வருகிறது. சிலம்புக்குள் இருக்கும் மணி பரல். பொம்மையின் காலில் சிலம்பு இருக்கிறது. அதை ஆட்டி, உள்ளே எத்தனை பரல் என்று எண்ணுகிறாள். ஒன்பது. கடைசித் தட்டு இருப்பது ஒன்பதாம் மாடத்தில்.

சிலப்பதிகாரத்தை எதற்கு இழுத்தீர்கள் என்று ஒருவர் கோபப்பட்டார். யோசித்துப் பாருங்கள். அரண்மனைச் சிலம்பில் முத்து, கண்ணகி சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்த்தால் வழக்கு முடிந்தது. சாட்சி இல்லை, சத்தியம் இல்லை, பொருளே பேசுகிறது. துப்பறியும் கதைக்கு நாம் வெளியூர் போக வேண்டியதே இல்லை.

சுவரில் ஒட்டிய நிழல் சாத்தியமா?

சாத்தியம், பல அறிவியல் மையங்களில் உண்டு. ஒளியை வாங்கிக்கொண்டு இருட்டில் கொஞ்ச நேரம் மினுங்கும் பூச்சைச் சுவரில் பூசியிருப்பார்கள். முன்னால் நின்றால் பளிச்சென்று ஒரு விளக்கு மின்னும். நீங்கள் மறைத்த இடம் மட்டும் மினுங்காது, நிழல் தனியாக நிற்கும், நீங்கள் நகர்ந்துவிடலாம்.

கதையில் விளக்குக்குப் பதில் ஜன்னல் வழியாக வந்த மின்னல். அந்த வெளிச்சம் போதுமா என்று கேட்டால், கொஞ்சம் சலுகை எடுத்துக்கொண்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு காரணத்தோடு. பக்கத்தில் இருக்கும் விளக்கு நிழலைப் பெரிதாக்கிக் காட்டும். மின்னல் ரொம்ப தூரத்தில் இருப்பதால் நிழல் ஏறக்குறைய ஆளின் அளவிலேயே விழும். அதனால்தான் கயலால் நிழலின் தோள் அகலத்தைச் சாணால் அளந்து, தாத்தா இல்லை என்று சொல்ல முடிந்தது.

கிசுகிசு மாடம்?

வட்டச் சுவரின் ஓரத்தில் மெல்லப் பேசினால் சுவரையே பிடித்துக்கொண்டு ஒலி எதிர்ப்பக்கம் போய்ச் சேரும். விஜயபுரத்தின் கோல் கும்பஸில் கேட்கலாம். நம் சி. வி. ராமன் 1921இல் லண்டன் புனித பால் தேவாலயத்து மாடத்தையும், பிறகு கோல் கும்பஸையும் இதற்காக ஆராய்ந்திருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் விளக்கம் இருக்கிறது என்றால் மாயம் எதற்கு? இதைப் பாடப்புத்தகமாகவே எழுதியிருக்கலாமே?

அப்படி எழுதினால் யாரும் ராத்திரி போர்வைக்குள் டார்ச் வைத்துப் படிக்க மாட்டார்கள்.

மந்திரக்கோல் கதை மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் துப்பறியும் கதையில் மந்திரம் வந்தால், படிக்கிற பிள்ளையை ஏமாற்றுவது போல இருக்கிறது. கயலிடம் இருக்கிற அதே கோணமானி படிப்பவரிடமும் இருக்க வேண்டும். கயலுக்கு ஆறாவது அத்தியாயத்தில் தெரிந்தது படிப்பவருக்கும் அப்போதே தெரிந்திருக்க வேண்டும். 240 டிகிரி கேள்வி வந்தது எதனால்? அந்தப் பெண்ணால் என்னைச் சரிபார்க்க முடிந்ததால். மந்திரத்தால் திரும்பிய தரை என்று எழுதியிருந்தால் அவள் என்ன கேட்டிருப்பாள்?

விளக்கம் தெரிந்ததும் வியப்பு போய்விடும் என்பதையும் நான் ஏற்கவில்லை. ஊசல் ஏன் திரும்புகிறது என்று எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். இன்னும் எதிரில் நின்றால் பத்து நிமிஷம் நகர மாட்டேன்.

பெரியவரைப் போலீஸில் ஏன் பிடித்துக்கொடுக்கவில்லை?

பிள்ளைகள் அதிகம் சண்டை போடும் இடம். பாதிப் பேர் பிடித்துக்கொடுத்திருக்க வேண்டும் என்கிறார்கள். நானும் இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். கடைசியில் அவர் கையாலேயே பழைய பலகையைக் கழற்றவைத்தேன். கொப்புளம் ஆறாத கை. தாத்தாவிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதைச் சிலர் கவனித்திருக்கிறீர்கள். ஆமாம், கேட்கவில்லை. அப்படிப்பட்ட ஆள்தான் அவர்.

பிள்ளைகளிடம் செல்போன் ஏன் இல்லை?

இருந்தால் கதை இரண்டாவது அத்தியாயத்தில் முடிந்துவிடும்.

இதையெல்லாம் நேரில் எங்கே காட்டலாம்?

ஊசலுக்கு டில்லி புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒன்று இருக்கிறது. கொல்கத்தாவின் தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழுமம் செய்தது, அங்கே ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 50 மணி நேரம். புனேயின் வானியல் மையமான ஐயுகாவிலும் இருக்கிறது. தொட்டுச் சுற்றி இழுத்துப் பார்க்க, சென்னையில் கோட்டூர்புரம் அறிவியல் மையமும் பிர்லா கோளரங்கமும், தெற்கே திருநெல்வேலி மாவட்ட அறிவியல் மையம், பெங்களூரில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம். பள்ளிச் சுற்றுலாவில் வரிசையாக நடத்திக் கூட்டிக்கொண்டு போய் நாற்பது நிமிஷத்தில் வெளியே கொண்டுவந்துவிடாதீர்கள். ஒரு பிள்ளை ஒரே கருவியின் முன்னால் அரை மணி நேரம் நின்றால் நிற்கட்டும்.

மாளிகை வாசலில் "தொட்டுப் பார்க்கவும்" என்று பலகை வைத்தேனே, அதற்குத் தூண்டுதல் சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்புளோரடோரியம். அணுகுண்டோடு பெயர் சேர்ந்துபோன ஓப்பன்ஹைமரின் தம்பி பிராங்க் 1969இல் தொடங்கியது. அங்கே கை வைக்காமல் பார்த்தால்தான் தப்பு.

கதையில் சேர்க்க நினைத்து விட்டுப்போனது உண்டா?

தார்த் துளி. ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927இல் ஒரு புனலில் தார் போன்ற கீல் ஊற்றிவைத்தார்கள். தட்டினால் உடையும், ஆனாலும் அது திரவம்தான் என்று காட்டுவதற்காக. இதுவரை ஒன்பது துளிதான் விழுந்திருக்கிறது. பல்லாண்டுகள் அதைக் கவனித்து வந்த பேராசிரியர் 1988இல் சில நிமிஷம் வெளியே போன நேரம் பார்த்து ஒரு துளி விழுந்தது. 2000இல் கேமரா வைத்தார்கள், அந்த நேரம் கேமரா வேலை செய்யவில்லை. டப்ளினில் இதே போல வைத்திருந்த வேறொரு சோதனையில் 2013இல்தான் முதன்முதலாகத் துளி விழுவதைப் படம் பிடித்தார்கள். இதைக் கதையில் வைத்துப் பார்த்தேன். விழுவதற்குள் கயலுக்கு இருபது வயது ஆகிவிடுகிறது.

இரண்டாம் பாகம் வருமா?

எழுதிக்கொண்டிருக்கிறேன். வௌவால் இருந்த அறை.

பொம்மை கடைசியில் எழுதிய பெயர் என்ன? புத்தகத்தில் எங்கேயும் இல்லையே!

இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் பொம்மை எழுதிய தாளின் படம் போட்டிருக்கிறோம். கம்மியர் ஓலைப் பழக்கத்தில் வெட்டியவர், அதனால் புள்ளி கிடையாது, காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் கிடையாது. இதுவரை மூன்று விதமாகப் படித்து எழுதியிருக்கிறார்கள். இரண்டு தப்பு.